கம்பு பார்க்கிற பிள்ளை

தும்பையாறு அணையின் சங்கை வாய்மாற்றி மாட்டியது எந்த வருஷம் என்று கேட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் காலண்டரைப் புரட்ட மாட்டார்கள். பூங்காவில் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் சிமெண்டு யானைக்குப் புதுச் சாயம் அடித்தார்களே, அந்த வருஷம் என்பார்கள், அல்லது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, மணலூத்துக்காரர்கள் கரையேறி வந்து உட்கார்ந்திருந்தார்களே, அந்த வருஷம் என்பார்கள். சங்கு என்றால் கோயில் சங்கு இல்லை. ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால், கீழே ஆற்றுக்குள் குளிக்கிறவர்களும் துவைக்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் மேடேறிக்கொள்ளட்டும் என்று ஊதுகிற சைரன்தான். அணை கட்டிய நாளிலிருந்து அதன் வாய் ஆறு போகிற திசையைப் பார்த்தே இருந்தது, ஏனென்றால் தண்ணீர் போகப்போவது அந்தப் பக்கம், பயப்பட வேண்டியவர்களும் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள்.

பழைய சங்கு துருப்பிடித்துத் தொண்டை கட்டிப்போனதும் புதுசு வந்தது. அதை மாட்டுகிற அன்று பூங்காவைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் வேகவேகமாக அணைமேல் ஏறி வந்தார்.

“யப்பா, இதை இங்கிட்டுத் திருப்பி ஊதுனா ஊஞ்சல்ல இருக்கிற பிள்ளைக பூராம் அலறி விழுந்துரும். அங்கிட்டுத் திருப்பி மாட்டு” என்றார்.

ஏணியில் நின்றவன் ஷட்டர் ஆபரேட்டர் தவமணியைப் பார்த்தான். தவமணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “திருப்பிட்டுப் போ. தண்ணிக்குள்ள யாரு இருக்கா, காது செவிடாகிறதுக்கு” என்று சிரித்தான். சங்கு நீர்ப்பக்கம் திரும்பியது, போல்ட்டுகள் முறுகின, எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

ஐப்பசி மழையில் அணை தளும்ப நிறைந்து, பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க நாள் பார்த்து, விவசாயிகளும் அதிகாரிகளும் மதகுக்கு மேலே தாம்பாளத்தில் பூவும் நெல்லுமாக நின்றபோது, தவமணி வழக்கம்போலப் பொத்தானை அமுக்கினான். சங்கின் சத்தம் இத்தனை வருஷம் போகாத திசையில் போயிற்று. ஈ உட்கார்ந்த பசுவின் தோல் சிலிர்ப்பதுபோலத் தண்ணீர் ஒருதரம் சிலிர்த்தது. பிறகு, கல் பாவிய உள்சரிவில், தண்ணீருக்குள்ளிருந்து, தலையில் கஞ்சிப்பானையும் இடுப்பில் மூட்டையுமாக, அவசரமில்லாமல், பழகிய வழியில் வருகிறவர்கள்போல, ஆட்கள் ஏறி வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவன் முப்பது வயது மதிக்கத்தக்க ஆள். சிவப்புக் கட்டம்போட்ட துண்டு, சொட்டச் சொட்ட நனைந்த வேட்டி, கையில் மஞ்சள் துணி கட்டிய மூங்கில் கம்பு. கல்சரிவு வண்டலில் முடிகிற இடத்தில், முழங்காலளவுத் தண்ணீரில் நின்று கம்பை ஊன்றி, அது நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு, மேலே ஏறி வந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள்.

பூங்காச் சாலை அணைமேல் ஏறுகிற முக்கில் மீன் பொரித்து விற்கிற ஒச்சம்மாள் அந்தக் கம்புக்காரனைப் பார்த்தாள். ஊன்றிய கம்பை ஆட்டிப் பார்த்த விதத்தைப் பார்த்தாள். அவள் கடை வைத்த காலத்திலிருந்து முதன்முறையாக எண்ணெய்ச் சட்டியில் மீன் கரிந்தது. அறுபதைத் தொட்ட அவளுக்கு, அன்றைக்கு வந்து உட்கார்ந்தது தன் அப்பா சிவனாண்டி என்று அடையாளம் காண ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் போனபோது அவள் பச்சைப் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை; அவரோ போனபோது எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார்.

ஊர் திகைத்துப்போயிற்று என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தாம்பாளத்தில் மிச்சமிருந்த பூவை அதிகாரிகள் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் தூவிவிட்டுப் போனார்கள். உதவிப் பொறியாளர் அம்மா மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். இவர்கள் நீர்வளத்துறையில் வருவார்களா வருவாய்த்துறையில் வருவார்களா என்று மேலிடம் கேட்டது. அந்தக் கேள்வி இன்றைக்கும் எங்கேயோ மேசை மாறிக்கொண்டிருக்கிறது. டீக்கடை செல்லப்பாண்டி முதல்நாளே தூக்குவாளியில் டீ கொண்டுபோனான், அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. தங்கள் பானையிலிருந்தே கஞ்சி ஊற்றிக் குடித்தார்கள், அந்தப் பானைகள் குறையவே இல்லை. ஒவ்வொரு தடவை தண்ணீர் திறக்கச் சங்கு ஊதியபோதும் இன்னும் கொஞ்சம் பேர் ஏறி வந்து, முன்னால் வந்தவர்களுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள்தான் ஆரம்பத்தில் கூச்சப்பட்டார்கள்: அணையைப் பார்க்கலாம் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால், அத்தனை பேரும் தண்ணீரை விட்டுவிட்டுத் தங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று. பிறகு அதுவும் பழகிப்போய், அவர்கள் தெரிகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் ஈரக் கற்கள் மட்டும் விழுந்தன.

பயன்படாமலும் இல்லை. நடு ஷட்டர் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் முக்கால்வாசியில் நின்றுபோகிறதே என்று தவமணி புலம்பியதைக் கேட்டு, உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு கிழவர் திரும்பாமலே, “எங்க காளியாத்தா புளியமரம்ப்பா அது, வேரோட வந்து அடியில சிக்கிக்கிட்டுக் கெடக்கு” என்றார். ஆள் இறக்கிப் பார்த்தால் மரம் கிடந்தது. பரிசல்காரர்கள் எந்த இடத்தில் வலை போட்டால் கெளுத்தி கிடைக்கும் என்று கேட்டுப் போனார்கள். “எங்க வீட்டு மாட்டுக்கொட்டத்துல நெறையக் கெடக்கு, புடிச்சுக்கங்க” என்று ஒரு பெண் தாராளமாகச் சொன்னாள். புது மணலூத்துக் காலனியிலிருந்து பேரன்மார், தங்களைவிட இளமையான தாத்தாக்களைத் தேடி வந்து, கல்யாணப் பத்திரிகையைக் காலடியில் வைத்துக் கும்பிட்டுப் போனார்கள். உங்கள் ஊர் முங்கிப்போயிற்று, அணை கட்டி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்று சொல்லிப் பார்க்காதவர்கள் இல்லை. அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அதிகாரிகள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வழக்கம்போல இருந்தே பழகியவர்கள்.

அந்த வழக்கம்தான் அவர்களை மூழ்கடித்தது. மணலூத்து ஆற்றோரத்து ஊர். வருஷா வருஷம் வெள்ளம் வரும், வந்தால் வீட்டுக் கதவுகளைத் திறந்துபோட்டுவிட்டு, கஞ்சிப்பானையோடு ஊருக்கு மேற்கே இருக்கும் மேட்டில் ஏறி உட்காருவார்கள். கதவைச் சாத்தினால் வெள்ளத்துக்குக் கோபம் வந்து சுவரை இடிக்கும், திறந்து வைத்தால் விருந்தாளிபோல வந்து இருந்துவிட்டுப் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. தண்ணீரின் ஓரத்தில் ஒரு கம்பை ஊன்றுவார்கள். பெரியவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, பெரியவர்கள் கண் பட்டால் வடிகிற வெள்ளம் திரும்பி வரும். கம்பு பார்ப்பதற்கென்று அந்த வருஷத்து முறைக்கார வீட்டுப் பிள்ளை ஒன்று இருக்கும். கம்பின் கால் காய்ந்ததும் அந்தப் பிள்ளை கூவும். அது கூவினால்தான் ஊர் எழுந்து வீட்டுக்குப் போகும்.

அணை கட்டி முடித்துத் தண்ணீரைத் தேக்கிய வருஷம் முறை சிவனாண்டி வீட்டுக்கு. வேறு இடத்தில் மனை தருகிறோம், வந்துவிடுங்கள் என்று லாரி வந்து நின்றது, பாதிப்பேர் போனார்கள். மீதிப்பேர், நாங்கள் பார்க்காத வெள்ளமா, நாலு நாளில் வடிந்துவிடும் என்று கம்போடு மேட்டில் ஏறினார்கள். வெள்ளத்துக்கு வடியத் தெரியும். அணைக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு யாரும் புரியும்படி சொல்லாத விஷயம். மேடு தீவாகிச் சுருங்கியபோது கடைசியாக ஒரு பரிசல் வந்தது, கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் மட்டும் ஏற்ற அதில் இடமிருந்தது. கம்பைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்திருந்த சிவனாண்டி மகள் ஒச்சுவை யாரோ தூக்கி அதில் போட்டார்கள். விழித்தபோது காலனியில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தாள். பிறகு பரிசல் போகவில்லை. போயிருந்தாலும் அவர்கள் ஏறியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் கம்பு பார்க்கிற பிள்ளை இன்னும் கூவவில்லை.

அந்தப் பரிசலில் வந்த மற்றப் பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள், கேரளாவுக்குப் போனார்கள், செத்துப்போனார்கள். செல்லப்பாண்டி அதில் கைக்குழந்தையாக வந்தவன், அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. லாரியில் போன பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கரையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒச்சம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதல்நாளே அவள் சரிவில் இறங்கி அப்பாவின் எதிரில் போய் நின்றாள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

“பெரியாத்தா, கம்பு பாக்குற பிள்ளையக் காணோம். பச்சைப் பாவாடை கட்டியிருக்கும். இங்கிட்டு வந்துச்சா?”

அப்பா என்று வாயில் வந்தது, தன்னைவிட இளைய ஆளைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. தம்பி என்று சொல்லவும் நாக்குக் கூசியது. “வரும்” என்று மட்டும் சொன்னாள்.

“வெளாட்டுப் பிள்ள. எங்கயாச்சும் படுத்துத் தூங்கிருக்கும்” என்று அவர் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் சாய்ந்திருந்தது. இவ்வளவு காலம் அவர் முகத்தை மனதில் வைத்திருந்தவள் அந்தப் பல்லை மட்டும் எப்படியோ தொலைத்திருந்தாள். அது திரும்பக் கிடைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் ஒச்சம்மாள் கடையை மூடிவிட்டுச் சரிவுக்கு வந்துவிடுவாள். அவரும் பேச்சுத்துணைக்கு ஒரு பெரியாத்தா கிடைத்ததென்று பேசுவார், பேச்செல்லாம் மகளைப் பற்றித்தான். அது பிறந்தபோது ஒரு கையைப் பொத்திக்கொண்டே பிறந்தது. பொத்திய கைக்குள் என்ன வைத்திருக்கிறது என்று ஊரே வந்து பிரித்துப் பார்த்தது. தாய் இல்லாத பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று தலைவாரிவிடக் கற்றுக்கொண்டேன், வகிடு மட்டும் எனக்கு நேராக வராது. மீன் என்றால் உயிரையே விடும், முள் எடுத்துக் கொடுத்தால் எனக்கும் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் தின்னும். அவர் சொல்லச் சொல்ல ஒச்சம்மாள் தன்னையே யாரோ ஒரு பிள்ளையைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லாமல் வளர்ந்து, யார் யார் வீட்டுத் தாழ்வாரத்திலோ படுத்து, வாக்கப்பட்டு, அறுத்துக்கட்டி, எண்ணெய்ப் புகையில் கண் மங்கிய பிறகு, இப்படி ஒருத்தர் தன்னைப் பற்றிப் பேசிக் கேட்பது அவளுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. “என்னக்கா, முகத்துல புதுக்களை ஏறுது” என்று தவமணி கேலி செய்தான். “போடா வெத்தலைவாயா” என்று அவள் சிரித்தாள்.

தை கழிந்தது. முறைவைத்துத் தண்ணீர் விட விட, அணை இறங்கிக்கொண்டே போயிற்று. ஆற்றுப் பக்கம் சங்குச் சத்தம் கேட்கவில்லை, என் ஆடுகள் வெள்ளத்தில் போய்விட்டன என்று கீழேயிருந்து ஒருவர் வந்து சத்தம் போட்டதும் தவமணி ஏணி வைத்து ஏறிச் சங்கைப் பழையபடி திருப்பினான். அதோடு புதிதாக யாரும் ஏறி வரவில்லை, வந்தவர்கள் போகவும் இல்லை. மாசியில் கம்பின் கால் வெளியே வந்தது. பங்குனியில் கம்பு தண்ணீரிலிருந்து விலகி, வண்டல் வெடித்த வெறுந்தரையில் நின்றது; மேய வந்த ஆடுகள் அதில் முதுகு தேய்த்துப் போயின. உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒச்சம்மாள் தினமும் பார்த்தாள். கால் காய்ந்திருக்கிறது. அவள் கூவ வேண்டும். கூவினால் அந்த நிமிஷமே அப்பாவுக்கு அவளைத் தெரிந்துவிடும், அந்த நிமிஷமே அவர் எழுந்து போய்விடுவார். அவரிடம் தன்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு இருந்த ஒரே சொல் அவரை அனுப்பிவைக்கிற சொல்லாகவே இருந்தது. பெரியாத்தாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். உதவிப் பொறியாளர் அம்மா ஒருநாள் கடைக்கே வந்து, “உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா, அவங்க எதுக்குக் காத்திருக்காங்கன்னு?” என்று கேட்டபோது, மீனைத் திருப்பிப் போட்டபடி, “எனக்கென்ன தாயி தெரியும்” என்றாள்.

ஆனால் சித்திரை வெயில் யாரையும் விடவில்லை. இத்தனை காலம் நீருக்குள் நனைந்தே இருந்தவர்கள் காயத் தொடங்கினார்கள். முதலில் துணி காய்ந்தது, பிறகு முடி காய்ந்தது, பிறகு உதடும் குதிகாலும் வெடித்தன, பிறகு குளத்துத்தரை வெடிப்பதுபோல உடம்பெல்லாம் கோடு கோடாகப் பாளம் விட்டது. பேசினால் வாயோரத்தில் தூசி உதிர்ந்தது. அவர்கள் நடந்து வந்த கல்மேல் காலடித் தடங்கள் மட்டும் அப்படியே ஈரமாக இருந்தன. காலனி ஆட்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் அவர்கள்மேல் ஒட்டாமல் ஓடிக் கீழே போயிற்று. “என்ன பெரியாத்தா, இந்த வருஷம் வெள்ளம் வடிய ரொம்ப நாளாகுது” என்றார் சிவனாண்டி. கழுத்தைத் திருப்பியபோது பானை ஓடு உரசுவதுபோலச் சத்தம் வந்தது. “இன்னும் கொஞ்ச நாள்தான்” என்றாள் ஒச்சம்மாள். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செல்லப்பாண்டியின் தாய் வரிசையின் ஓரத்தில், வெறுந்துணியைப் பிள்ளைபோல மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. அவன் டீக்கடையைத் திறக்கும் முன்னால் அவளுக்கு ஒரு குடம், மூடிய பின்னால் ஒரு குடம் ஊற்றுவான். தலை நரைத்த ஆள், சின்னப் பெண்ணைப் பார்த்து “அம்மா, அம்மா” என்று கெஞ்சுவான். வைகாசி பிறந்து, மேற்கே மலைமேல் மேகம் திரளத் தொடங்கிய ஒரு காலையில் அவன் மீன்கடைக்கு வந்து, பொத்திய கையை ஒச்சம்மாள் முன்னால் நீட்டிப் பிரித்தான். உள்ளங்கையில் ஒரு விரல் இருந்தது. சுடாத மண்ணில் செய்ததுபோல, நகத்தோடு.

“துணியச் சரி பண்ணப் போனாக அக்கா. அப்பிடியே விழுந்துருச்சு” என்றான். “வலிக்கலைன்னு என்னையப் பாத்துச் சிரிக்கிறாக. நீங்க தெனமும் அங்க போய் ஒக்காருறீக. ஒங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்கக்கா. எங்காத்தா ஒடஞ்சு போகாம எங்கிட்டாச்சும் போகட்டும்.”

ஒச்சம்மாள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எண்ணெய் புகைந்தது. தன் அப்பாவுக்காக அவள் யார் யாருடைய அம்மாவையெல்லாமோ வெயிலில் உட்கார வைத்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை உள்ளே போட்டு மிதித்துக்கொண்டுதான் இத்தனை நாள் மீன் பொரித்தாள். மலைமேல் இடி இறங்கியது. மேலே மழை விழுந்துவிட்டால் நாளையே அணை ஏறும், கம்பின் கால் மறுபடி நனையும், பிறகு அடுத்த பங்குனிவரை கூவ முடியாது. அதுவரை அவர் இருக்கமாட்டார். தூசியாக உதிர்ந்து, கரையைப் பெருக்குகிறவர்கள் துடைப்பத்தோடு போய்விடுவார்.

அடுப்பை அமர்த்தக்கூடத் தோன்றாமல் அவள் நடந்தாள். சரிவில் இறங்கி, அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபடி வரிசைக்கு நடுவே புகுந்து, அப்பாவைத் தாண்டி, வெடித்த வண்டலில் கால் இடற நடந்து, கம்புக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லித்தந்தார்களோ அப்படி, முழங்காலைக் கட்டிக்கொண்டு. கம்பின் காலைத் தொட்டாள். காய்ந்துதான் இருந்தது. பிறகு எழுந்து, கரையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் வாயோரம் குவித்தாள்.

“காலு காஞ்சிருச்சேய்ய்! கம்புக் காலு காஞ்சிருச்சேய்ய்! வீட்டுக்கு வாங்கய்யாவ்!”

முதலில் வந்தது மீன்காரியின் கரகரத்த குரல். சங்குக்கு அடியில் நின்றிருந்த தவமணி திடுக்கிட்டுத் திரும்பினான். இரண்டாம் தடவை அந்தக் குரல் மெலிந்து, கீச்சென்று, தூக்கம் கலையாத பிள்ளையின் குரலாக நீர்மேல் ஓடி மலையில் பட்டுத் திரும்பியது.

கரை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு, பானைகளைத் தேடிக்கொண்டு எழுந்தார்கள். எழுந்தவர்களின் பாதத்திலிருந்து ஈரம் ஊறி மேலே ஏறியது. வெடிப்புகள் மூடின, துணி கனத்தது, முடியிலிருந்து நீர் சொட்டியது. செல்லப்பாண்டியின் தாய் வெறுந்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் அவனுடைய நரைத்த தலையை இழுத்து உச்சியை மோந்து பார்த்தாள், ஏதோ நினைவு வந்ததுபோல இன்னொருதரம் மோந்தாள், பிறகு மற்றவர்களோடு இறங்கினாள். அவன் கையில் பொத்தியிருந்த விரல் தண்ணீராகி ஓடிவிட்டது.

சிவனாண்டி திரும்பினார். நரைத்த தலையும் சுருங்கிய முகமும் எண்ணெய்க் கறை படிந்த சேலையுமாக நின்றவளை நேராகப் பார்த்தார். அதில் எதுவுமே அவர் கண்ணில் படவில்லை.

“ஏத்தா ஒச்சு,” என்றார். “இம்புட்டு நேரமா எங்கத்தா போயிருந்த?”

“தூங்கிட்டேன்ப்பா.”

“நாந்தான் சொன்னேன்ல” என்று பக்கத்தில் போனவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, கம்பைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையை அவளிடம் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். மணலூத்து மொத்தமும் வண்டல்மேல் பேசிக்கொண்டு நடந்தது. யார் வீட்டுச் சுவர் நின்றிருக்குமோ, நெல்லு நனைந்திருக்குமோ என்று. கணுக்கால்வரை தண்ணீர் வந்தது. முழங்கால்வரை வந்தது. முன்னால் போனவர்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. ஒச்சம்மாளுக்கு இன்னும் ஒரு எட்டு வைக்கலாம்போலத்தான் இருந்தது, அவ்வளவு இதமாக இருந்தது அந்தத் தண்ணீர். கரையில் செல்லப்பாண்டி “அக்கா, அக்கோவ்” என்று கத்திக்கொண்டிருந்தான்.

“நீங்க முன்னால போங்கப்பா. அடுப்புல எண்ணெய் கெடக்கு, அமத்திட்டு வாரேன்.”

“சீக்கிரம் வா. கதவத் தொறந்துதான் வச்சிருக்கேன்” என்றார். கையை விட்டார். சாய்ந்த பல் தெரியச் சிரித்துவிட்டு, தண்ணீரின் சில்லிப்பில் தோளை ஒருதரம் குலுக்கிக்கொண்டு இறங்கிப்போனார். கம்பில் கட்டியிருந்த மஞ்சள் துணி கொஞ்ச நேரம் தெரிந்தது.

அன்று மாலையே மலையில் மழை கொட்டி, மறுநாள் அணை ஏறியது. பூங்காவில் சிமெண்டு யானையின் தும்பிக்கையில் மறுபடி தண்ணீர் வந்தது. கரையில் இருந்த ஈரத் தடங்கள் காய்ந்தன. சங்கு இப்போதும் ஆற்றுப் பக்கம் பார்த்துத்தான் ஊதுகிறது, அதை யாரும் திருப்புவதில்லை. யாராவது ஏணியை எடுக்கும்போதே தவமணி, தண்ணிக்குள்ள ஆள் இருக்காக என்று சொல்லிவிடுவான்.

ஒச்சம்மாள் கடை பழைய இடத்தில்தான் இருக்கிறது. பூங்காவுக்குப் போகிறவர்கள் அங்கே மீன் வாங்கித் தின்னலாம், ருசி குறையில்லை, ஆனால் சட்டிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அப்பா பிடித்த அவளுடைய வலது கை அதற்குப் பிறகு காயவே இல்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்துத்தான் மீனை எடுக்கிறாள், அப்படியும் விரல் நுனியிலிருந்து சொட்டி, எண்ணெய் படபடவென்று வெடிக்கிறது. என்னம்மா இது என்று யாராவது முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டால், “அடுப்ப அமத்திட்டு வாரேன்னு சொல்லியிருக்கேன், அவுகளுக்கு அவசரம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனை எடுத்துப் போடுகிறாள்.